ரீஜென்சி காதல் நாவலில் கெமிஸ்ட்ரி எழுதுவது எப்படி? கையுறை முதல் கடிதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் என் முதல் ரீஜென்சிக் கதையின் மூன்றாம் அத்தியாயத்தில், நாயகன் நாயகியின் கையைத் தொட்டதும் "உடலெங்கும் மின்சாரம் பாய்ந்தது" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த தோழி ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தாள்: "எந்தக் கம்பத்திலிருந்து?" கதை நடப்பது 1816இல். அந்தக் காலத்து லண்டன்வாசிக்கு உடலில் பாயும் மின்சாரம் என்றால் காதல் நினைவுக்கு வந்திருக்காது. 1803இல் ஜியோவானி ஆல்டினி, தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் பிணத்தில் மின்சாரம் செலுத்தி, அதன் தாடை துடிப்பதைக் கூட்டம் கூட்டிக் காட்டினாரே, அதுதான் வந்திருக்கும்.

அந்தக் கேள்வி உறைத்த பிறகுதான் காலப்பிழையை விடப் பெரிய குறை கண்ணில் பட்டது. அந்த வரியை எந்த நாயகன் எந்த நாயகியைத் தொட்டாலும் எழுதிவிடலாம். அந்த இருவருக்கென்று அதில் ஒன்றுமே இல்லை.

தொலைக்காட்சி நடனப் போட்டியின் நடுவர் முதல் திரை விமர்சகர் வரை எல்லோரும் 'கெமிஸ்ட்ரி' என்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் "பார்த்தாலே தெரிகிறதே" என்பார்கள். நாவலில் அப்படிப் பார்த்துக்கொள்ள முகம் கிடையாது, எழுத்து மட்டும்தான். அதனால் எழுதுபவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு விளக்கம் தேவை. நான் வைத்திருப்பது இது: கூடத்தில் இருக்கும் நூறு பேர் கவனிக்காத ஒன்றை ஒருவர் மற்றவரிடம் கவனிக்கிறார், கவனித்ததை வைத்து, தனக்கே ஏதோ ஒரு விலை வைக்கும் சிறு காரியம் ஒன்றைச் செய்கிறார். இந்த வகைக் கதைக்கு ரீஜென்சிக் காலம் இவ்வளவு தோதாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. அங்கே எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒரே ஆளோடு மூன்றாம் முறை ஆடினால் விலை, கடிதம் எழுதினால் விலை, பெயரைச் சொன்னால்கூட விலை.

படி 1: ஆண்டையும் பணத்தையும் முதலில் எழுதி வையுங்கள்

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால் அவருடைய மகன் 1811 பிப்ரவரியில் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்க, மகன் நான்காம் ஜார்ஜ் ஆனார். கறாராகப் பார்த்தால் ரீஜென்சி என்பது இந்த ஒன்பது ஆண்டுகள்தான். பதிப்பாளர்கள் முன்னும் பின்னும் தாராளமாக இழுத்துக்கொள்வார்கள், அது அவர்கள் பாடு. நீங்கள் மட்டும் ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆண்டுக்கு ஏற்ப மனிதர்களின் அவசரம் மாறும். 1815 ஜூன் 15 அன்று பிரஸ்ஸல்ஸில் ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த நடன விருந்திலிருந்து அதிகாரிகள் நேரே போர்க்களம் போனார்கள். மூன்றாம் நாள், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். அந்த இரவில் ஒரு பெண் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் அதன் கனமே வேறு. 1816 இதற்கு நேர் எதிர். முந்தைய ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, மழையும் குளிரும்தான். தோட்டத்தில் உலாவ முடியாமல் எல்லோரும் வரவேற்பறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அடைந்து கிடந்தார்கள். எனக்கு இந்த ஆண்டுதான் பிடித்தது.

அடுத்தது பணம். காதல் கதையில் கணக்கு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் ஜேன் ஆஸ்டனைத் திரும்பப் படிக்கலாம். 1813இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நாயகன் டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்ட் என்பது அவர் கூடத்துக்குள் வந்த ஐந்தே நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. நாயகி எலிசபெத்துக்கு வரக்கூடியதோ நான்கு சதவீத வட்டியில் ஆயிரம் பவுண்ட், அதுவும் தாய் இறந்த பிறகு. ஆண்டுக்கு நாற்பது பவுண்ட்! திருமணமானதும் பெண்ணின் கையிருப்பு கணவனுக்குப் போய்விடும். 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதுதான் நிலை. வக்கீல் வைத்து முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர்கள் மட்டும் தப்பினார்கள். இந்தப் பின்னணியில் ஒரு பெண் "முடியாது" என்று சொன்னால் அவள் எதை விடுகிறாள் என்பது வாசகருக்கு எண்ணிலேயே தெரியும்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரு ஜோடியை உருவாக்கிக்கொள்வோம். இடம் இங்கிலாந்தின் பாத் நகரம், காலம் 1816 மே. அவள் ஹெஸ்டர் லோரிங், 27 வயது, இறந்துபோன பாதிரியாரின் மகள், அத்தை வீட்டில் இருக்கிறாள். அவன் எட்மண்ட் ஆஷ்பி, போர் முடிந்து கடற்படை சுருங்கியதில் கப்பல் இல்லாமல் அரைச் சம்பளத்தில் நிற்கும் கேப்டன். (கடற்படைக் கேப்டனும் பாத் நகரமும் ஆஸ்டனிடம் வாங்கிய கடன். இந்தத் துறையில் அவரிடம் கடன்படாதவர் யாரும் இல்லை.)

படி 2: இருவருக்கும் ஒளித்துவைக்க ஒன்று கொடுங்கள்

அழகு, துணிச்சல், கூர்மையான நாக்கு என்று பண்புப் பட்டியல் போடுவதால் கெமிஸ்ட்ரி வராது. பட்டியலில் உள்ளது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். கவனிக்க வேண்டுமென்றால் முதலில் மறைக்கப்பட்ட ஒன்று இருக்க வேண்டும்.

ஹெஸ்டர் இரவில் அத்தையின் கணக்குகளை எழுதுகிறாள். அப்படி எழுதும்போதுதான், தன் அப்பா அத்தையின் பொறுப்பில் விட்டுப்போன ஆயிரம் பவுண்டை அத்தை சீட்டாட்டக் கடனுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டதைக் கண்டுபிடித்திருக்கிறாள். வெளியே சொல்லவில்லை. ஆஷ்பிக்குப் பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அது தெரிந்தால் இனி ஒருபோதும் கப்பல் கிடைக்காது என்று பயந்து மறைக்கிறான்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரச வேண்டும். எண்களை வாசிக்கத் தெரிந்தவள், ஒரு மனிதன் எப்போதும் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதையும் எண்ணிவிடுவாள். கப்பலின் நாட்குறிப்பு எழுதிப் பழகியவனுக்கு மைக்கறையைப் படிக்கத் தெரியும். ஒருவரின் தொழிலறிவே மற்றவரின் ரகசியத்துக்குச் சாவியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 3: தடை எங்கே இருக்கிறது?

'இதை ஒரு வாக்கியத்தில் விளக்கியிருந்தால் கதையே முடிந்திருக்குமே' என்று வாசகர் கடுப்பாகும் தடைகளை விட்டுவிடுங்கள். நாயகனின் தங்கையை அவன் காதலி என்று யாரோ நினைத்துக்கொண்டு இருநூறு பக்கம் அழுவதைப் போதுமான அளவு படித்துவிட்டோம்.

1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர்கள் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் தேவை. அதனால்தான் அவசரக்காரர்கள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். ஹெஸ்டரின் வயதை 27 என்று நான் வைத்ததற்குக் காரணம் உண்டு: அவளுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. வெளியிலிருந்து வரும் தடையை எடுத்துவிட்டேன். மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அவள் மணக்கச் சம்மதித்தால் ஒப்பந்தம் எழுத வக்கீல் வருவார், ஆயிரம் பவுண்டுக்கான தாள்களைக் கேட்பார், அத்தை அகப்பட்டுக்கொள்வாள். தன்னை வளர்த்தவளைக் காட்டிக்கொடுக்காமல் அவளால் காதலிக்க முடியாது. இதை ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிட முடியாது.

படி 4: முதல் சந்திப்பில் ஒரு காயம், ஒரு கேள்வி

அந்நிய ஆணும் பெண்ணும் தாமாகப் பேசிக்கொள்ளக் கூடாது, யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பாத் நகர நடனக் கூடங்களில் இதற்கென்றே விழாத் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் ஹெஸ்டரை அழைத்துவந்து ஆஷ்பியின் இடப்பக்கத்தில் நிறுத்துகிறார். அவள் ஏதோ ஒரு மரியாதை வார்த்தை சொல்கிறாள். அவன் பதிலே சொல்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்கு முகம் சிவந்துவிடுகிறது.

காயம் விழுந்துவிட்டது. கேள்வி என்னவென்றால், அதே மனிதன் பத்து நிமிடம் கழித்து, தடுமாறிய ஒரு பணியாளனின் தட்டைச் சத்தமில்லாமல் தாங்கிப் பிடிக்கிறான். திமிர் பிடித்தவன் இதைச் செய்வானா? இரண்டும் பொருந்தவில்லை. பொருந்தாத கணக்கை அவளால் அப்படியே விட்டுவிட முடியாது. முதல் சந்திப்பிலேயே மயங்கவைக்க வேண்டாம், இப்படி ஒரு கூட்டல் பிழையைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும்.

படி 5: தொடுதலை ஏணியாக அடுக்குங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து மாலை நடனத்தில் பெண்கள் முழங்கைக்கு மேல் வரும் தோல் கையுறை அணிவார்கள். ஆண்களுக்கும் கையுறை உண்டு. அதாவது இரண்டு மணி நேரம் கைகோத்து ஆடினாலும் தோலோடு தோல் படவே படாது. எனவே உங்கள் ஏணியின் கீழ்ப்படி கையுறைக்கு மேல் கை. அதற்கு மேல், வண்டியில் ஏறும்போது முழங்கையில் ஒரு தாங்கல். அதற்கும் மேல், சால்வையைத் தோளில் போடும்போது கழுத்தருகே வந்துபோகும் விரல். வெறுங்கை கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே முத்தம் வைத்துவிட்டால் இத்தனை படிகளையும் நீங்களே உடைத்துவிட்டீர்கள்.

ஆனால் கையுறையைக் கழற்ற ஒரு நியாயமான நேரம் உண்டு: சாப்பிடும்போதும் தேநீர் குடிக்கும்போதும். என் பழைய வரைவில் அந்தக் காட்சி இப்படி இருந்தது:

"ஹெஸ்டர் கையுறையைக் கழற்றினாள். அவளுடைய வெண்ணிற மெல்லிய விரல்களைக் கண்டு ஆஷ்பி மெய்மறந்து நின்றான். அவன் இதயம் வேகமாகத் துடித்தது."

இது எந்த விரல், யாருடைய இதயம்? திருத்தி எழுதியது கீழே.

"தேநீர் வந்தது. ஹெஸ்டர் வலக் கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றி மடியில் வைத்தாள். நடுவிரலின் ஓரத்தில், எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தும் போகாத மைக்கறை. ஆஷ்பியின் விரலிலும் அதே இடத்தில் ஒரு காய்ப்பு இருந்தது. பன்னிரண்டு ஆண்டு நாட்குறிப்பு எழுதியதன் மிச்சம். தோழிகளுக்குக் கடிதம் எழுதுகிற கைக்கு இவ்வளவு மை ஒட்டாது.

அத்தை தட்டிலிருந்து நிமிரப்போனாள். ஆஷ்பி சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தினான். அது ஹெஸ்டரின் கைக்கும் அத்தையின் கண்ணுக்கும் நடுவில் வந்து நின்றது.

'சர்க்கரை வேண்டுமா, கேப்டன் ஆஷ்பி?' என்றாள் அத்தை.

'இல்லை, மேடம். எனக்குப் பழக்கமில்லை.'

அத்தை அவனையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹெஸ்டர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். தேநீரைத் தொடவே இல்லை."

யாரும் யாரையும் தொடவில்லை. இதயத் துடிப்பும் இல்லை. அவன் கவனித்தான், அதற்காக ஒரு முட்டாளைப் போலத் தோன்றச் சம்மதித்தான். அவன் கவனித்ததை அவளும் கவனித்தாள். கடைசி வாக்கியத்தில் அவள் குடிக்காமல் விட்ட தேநீர்தான் என் கணக்கில் முதல் தொடுதல்.

கடன் இப்போது அவள் பக்கம். இரண்டு அத்தியாயம் கழித்து, பாத் நகரத்தார் ஊற்று நீர் குடிக்கக் கூடும் பம்ப் ரூமில் கூட்டத்துக்கு நடுவே ஆஷ்பியைச் சந்திக்கும்போது, அவள் பேச்சை ஆரம்பிக்காமல் அவனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாக வந்து நிற்கிறாள். பிறகுதான் வாய் திறக்கிறாள். காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'தெரிந்துவிட்டது' என்று அவனுக்குப் புரிகிற அந்த நொடியில் பயமும் நிம்மதியும் ஒன்றாக வர வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் காட்சி நிற்காது.

நடனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜோடி நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு சுழன்றாடும் வால்ட்ஸை எல்லா அத்தியாயத்திலும் தூவாதீர்கள். 1816 ஜூலையில் இளவரசரின் விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டதற்கே 'தி டைம்ஸ்' நாளிதழ் கொதித்து எழுதியது. அந்த ஆண்டுகளில் கூடத்தை நிறைத்தது இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடும் கிராமிய நடனம். ஒரு ஜோடி ஆடிக்கொண்டே வரிசையில் இறங்கும், மற்றவர்கள் முறை வரும்வரை சும்மா நிற்பார்கள். அந்தச் சும்மா நிற்கும் நேரம் எழுத்தாளருக்குத் தங்கம். துணைக்கு வந்த பெரியவர்கள் காது எட்டாத தூரத்தில் இருப்பார்கள், ஆனால் கண் எட்டும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் பேச வேண்டும். பேச்சு எங்கே அறுபடும் என்பதையும் இசைதான் தீர்மானிக்கும்.

இன்னொரு விதியும் கைகொடுக்கும். ஒருவர் ஆட அழைத்து ஒரு பெண் மறுத்துவிட்டால், அன்று மாலை முழுவதும் அவள் வேறு யாரோடும் ஆடக் கூடாது. பிடிக்காத ஒருவரை அவள் மறுத்துவிட்டு உட்காரும்போது, அடுத்த நிமிடமே பிடித்தவர் வந்து நிற்கட்டும்.

படி 6: பேச்சில் சொல்வதைவிட ஒதுக்குவது அதிகம் இருக்கட்டும்

'வெடுக் வெடுக்'கென்று பேசினால் கெமிஸ்ட்ரி என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. வெறும் வாயாடல் இரண்டு பக்கத்தில் சலித்துவிடும். இருவரும் ஒரு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டே வேறொன்றைப் பேரம் பேச வேண்டும். வரிசையில் நிற்கும்போது:

"'உங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி நிறையச் செலவாகுமோ, மிஸ் லோரிங்?'

'ஏன் கேட்கிறீர்கள்?'

'இரவில் எழுதுகிறவர் இருக்கும் வீடு.'

'கப்பல்களில் இரவெல்லாம் காவல் உண்டாமே. எதையாவது கண்டால் ஊர் கேட்கக் கத்துவார்களாம்.'

'நல்ல காவலாளி கேப்டனிடம் மட்டும்தான் சொல்வான்.'

'கேப்டன் என்ன செய்வார்?'

'பாறையா, நிழலா என்று தெரியும்வரை காத்திருப்பார்.'"

மெழுகுவர்த்தியும் காவலாளியும் மேலே ஓடுகின்றன. கீழே அவள் கேட்பது, 'வெளியே சொல்லிவிடுவாயா?' என்பது.

விளிக்கும் முறையில் தமிழில் எழுதுபவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அக்காலத்து ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு மேல்தட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டிருந்தது. நெருக்கத்தைக் காட்ட அவர்களிடம் மிஞ்சியது பெயர் ஒன்றுதான். வீட்டின் மூத்த மகள் குடும்பப் பெயரோடு 'மிஸ்'. தங்கைகளுக்குத்தான் சொந்தப் பெயர் சேரும். ஆஸ்டனின் எம்மா, திருமணம் நிச்சயமான பிறகும், மிஸ்டர் நைட்லியை அவருடைய சொந்தப் பெயரால் ஒரே ஒரு முறைதான் அழைப்பேன், அதுவும் தேவாலயத்தில் என்கிறாள். கணவர் பெயரை வாயால் சொல்லாத பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆக, தமிழில் உங்களிடம் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன: பெயர் ஒன்று, 'நீங்கள்' இன்னொன்று. இரண்டையும் ஒரே காட்சியில் திறந்துவிடாதீர்கள். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கதைசொல்லி நாயகனை 'அவன்' என்கிறாரா 'அவர்' என்கிறாரா? ஆஷ்பியின் மனத்திலிருந்து சொல்லும் அத்தியாயங்களில் நான் 'அவன்' என்றே எழுதுகிறேன். ஹெஸ்டரின் மனத்திலிருந்து சொல்லும்போது 'அவர்'. அவள் மனத்தில் அந்த 'அவர்' ஒரு நாள் 'அவன்' ஆகும். அதை எங்கும் அறிவிக்காமல், ஒரே ஒரு இடத்தில், போகிறபோக்கில் செய்ய வேண்டும்.

படி 7: அலர் பரவட்டும்

சங்கப் பாடல்களில் காதலர்களைப் பற்றி ஊர் பேசும் பேச்சுக்கு 'அலர்' என்று பெயர். இந்த ஒரு சொல் தெரிந்த தமிழருக்கு ரீஜென்சிச் சமூகம் அந்நியமாகவே படாது. ஒரு மாலையில் ஒருவரோடு இரண்டு சுற்றுக்கு மேல் ஆடினால் அலர். லண்டனில் மாலை ஐந்து மணிக்கு ஹைட் பார்க்கில் ஒருவருடைய திறந்த வண்டியில் உட்கார்ந்து போனால் அலர். 'ஆல்மாக்ஸ்' நடனக் கூடத்துக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதைச் சில சீமாட்டிகள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அங்கே கிடைத்ததோ மெல்லிய ரொட்டித் துண்டும் எலுமிச்சைப் பானமும்தான், இருந்தும் அனுமதிச் சீட்டுக்கு அடிதடி.

மூன்றாம் மனிதர்களை வெறும் முட்டுக்கட்டையாக்காதீர்கள். அவர்கள்தான் உங்கள் கண்ணாடி. ஹெஸ்டர் ஆஷ்பியைப் பற்றி மற்றவர்களிடம் எப்படிப் பேசாமல் இருக்கிறாள் என்பதில் வாசகருக்குச் செய்தி இருக்கிறது. வம்பு பேசும் ஒரு கிழவி, "அந்தக் கேப்டன் எப்போதும் உன் இடப்பக்கத்தில்தான் நிற்கிறார், பார்த்தாயா?" என்று கேட்கட்டும். கிழவி கண்டது உண்மை. அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. அது கூடத்தில் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

படி 8: நடுவில் உடையுங்கள்

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். டார்சி முதல் முறை மணம் கேட்டு அவமானப்பட்டுத் திரும்புவது 34ஆவதில். பாதியைத் தாண்டிய உடனே. அதுவரை சேர்த்துவைத்த நெருக்கம் எல்லாம் அந்த ஒரு காட்சியில் ஆயுதமாக மாறுகிறது.

நெருங்கியவருக்குத்தான் எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியும். ஆஷ்பி கேட்கிறான், ஹெஸ்டர் மறுக்கிறாள், காரணம் சொல்ல முடியாமல் நிற்கிறாள். தன் காதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் மறுத்துவிட்டாள், ஆகவே காரணம் காதுதான் என்று அவன் முடிவுகட்டுகிறான். இதுவும் தவறான புரிதல்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இது தற்செயலாக விழுந்ததல்ல, அவனுடைய பழைய பயத்திலிருந்து முளைத்தது. அவள் அதை மறுத்தால் அடுத்த கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அவன் மனம் நொந்து போவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொள்கிறாள். வாசகர் இருவர் பக்கமும் நிற்க வேண்டும், யாரையும் திட்ட முடியாமல் தவிக்க வேண்டும்.

ஒரு சட்ட நுணுக்கம்: நிச்சயமான பிறகு ஆண் பின்வாங்கினால் பெண் வாக்குத் தவறிய வழக்குப் போடலாம், ஊரும் அவனைக் கைகழுவும். அதனால் அக்காலத்து ஆண் வாய்விட்டுக் கேட்பது என்பது திரும்ப முடியாத பாலத்தில் கால் வைப்பது. கேட்பதற்கு முன் அவனைக் கொஞ்சம் வியர்க்கவிடுங்கள்.

படி 9: ஒரே ஒரு கடிதம்

நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது தகாது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் மரியான் வில்லபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்து, அவர்களுக்கு ரகசியமாக நிச்சயமாகிவிட்டது என்றே அக்கா எலினோர் நம்பிவிடுகிறாள். அஞ்சல் செலவை அக்காலத்தில் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும், 1840இல் பென்னி அஞ்சல் வந்தபிறகே அந்த வழக்கம் மாறியது. கடிதம் வந்தால் அதற்குக் காசு எடுத்துக் கொடுப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆஸ்டன் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலில், கேப்டன் வென்ட்வொர்த் அதே அறையில் நாயகி ஆன் வேறொருவரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தன் கடிதத்தை எழுதுகிறார். அதற்கு மேல் ஒரு கடிதத்தை யாரும் எழுதிவிட முடியாது. அதனால் போட்டி போடாமல் வேறு வழி தேடினேன்.

ஹெஸ்டருக்குக் கடிதம் எழுத உரிமை இல்லை, கணக்கு எழுத உரிமை உண்டு. ஆஷ்பியின் தங்கை கேட்டிருந்த வாடகை நூலக நாவலின் இரண்டாம் தொகுதியை ஹெஸ்டர் ஆஷ்பியிடம் கொடுக்கும்போது, உள்ளே ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. விளிப்பு இல்லை, கையெழுத்து இல்லை. வரவுப் பக்கத்தில் ஆயிரம் பவுண்ட். பற்றுப் பக்கத்தில் தேதி வாரியாக அது கரைந்த கதை. அடியில் மிச்சம் பூஜ்யம். அதற்கும் கீழே, கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி: "மறுப்புக்கான காரணம் மேலே உள்ளது. வேறு காரணம் எதுவும் எந்தப் பக்கத்திலும் இல்லை." அவனுக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியும்.

பேசும் விதத்திலேயே மனிதர்கள் காதலிக்க வேண்டும். கணக்கு எழுதுபவள் திடீரென்று கவிதை எழுதினால் இத்தனை நாள் நாம் பழகிய ஹெஸ்டர் காணாமல் போய்விடுவாள்.

படி 10: பிரபுக்களைக் குறையுங்கள்

டியூக் என்பது பிரபுக்களில் உச்சப் பட்டம். அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் அன்று மொத்தமாக முப்பதைத் தொடவில்லை. காதல் நாவல்களில் இருக்கும் டியூக்குகளைக் கூட்டினால் ஒரு படைப்பிரிவே அமைக்கலாம். வாசகர் கேட்டால் ஒரு டியூக்கை வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் பணமும் பதவியும் ஒரே பக்கம் குவிந்துவிட்டால் மறுபக்கம் 'வேண்டாம்' என்று சொல்லும் வலிமை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத இடத்தில் வருவது மிரட்டல். பழைய நாவல்களில் கதவைச் சாத்திக்கொண்டு முத்தமிடும் நாயகர்களை இன்று அப்படியே தூக்கிவைத்தால், பக்கத்தில் துணைக்கு யாரும் இல்லையே என்று வாசகருக்குத்தான் பதறும்.

படி 11: திருத்தும்போது

இரண்டு சோதனைகள் போதும். முதலில் பெயர்களை மாற்றிப் பாருங்கள். உங்கள் காட்சியில் நாயகியை எடுத்துவிட்டு அவள் தோழியை வைத்தாலும் காட்சி நடக்கிறதென்றால் அதைக் கிழித்துப் போடலாம். மைக்கறைக் காட்சியில் வேறு எந்தப் பெண்ணையும் உட்காரவைக்க முடியாது. அடுத்ததாக, 'படபடத்தது', 'சிலிர்த்தது', 'மெய்மறந்தான்' ஆகியவற்றை ஒரு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். என் முதல் வரைவில் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு, அந்த நொடியில் அவர் எதைக் கண்டார் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். சில இடங்களில் ஒன்றும் எழுத வராது. அங்கே அவர் எதையும் காணவில்லை என்று அர்த்தம். காட்சியையே புதிதாக யோசிக்க வேண்டும்.

படி 12: காயத்தை வேடிக்கையாக்குங்கள்

நெருக்கம் முற்றிவிட்டது என்பதற்கு முத்தத்தை விட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. முன்பு வலித்த விஷயத்தை வைத்து இருவரும் விளையாடத் தொடங்குவார்கள். முதல் சந்திப்பில் அவளை அவமானப்படுத்திய அந்தச் செவிட்டுக் காது, கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருகிறது. பாத் நகரத்து நடன மாலைகள் பதினொரு மணிக்கு முடிந்தாக வேண்டும். ஆட்டம் பாதியில் இருந்தாலும் இசை நின்றுவிடும். ஹெஸ்டரின் மனத்திலிருந்து எழுதியது:

"கடிகாரம் அடித்ததும் வில்கள் நரம்பிலிருந்து எழுந்துவிட்டன. வரிசை நெடுக ஜோடிகள் கைகளை விடுவித்துக்கொண்டு தலை வணங்கினார்கள். கேப்டன் ஆஷ்பி மட்டும் விடவில்லை. அவர் முகத்தில் தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவரின் பணிவு.

'இசை நின்றுவிட்டது' என்றாள்.

'அப்படியா? எனக்குக் கேட்கவில்லை, மிஸ் லோரிங். என் நிலைமைதான் உங்களுக்குத் தெரியுமே.'

அத்தை விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஹெஸ்டர் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் அவனுக்கு வலப்பக்கம் இருந்தார்கள்."